கஞ்சி ஆறும் பாத்திரம்



ரமளானில் அய்யம்பேட்டை, ராஜகிரி, அதிராம்பட்டினம், நாகூர் எனக் காவிரிப் படுகை ஊர்களின் பள்ளிவாசல்களில், அஸருக்குப் பின் நோன்புக் கஞ்சிக்காகத் தூக்குவாளிகள் வரிசை கட்டுகின்றன. தூக்குவாளி குறுகியது, ஆழமானது, மூடியுள்ளது. கஞ்சியைச் சூடு குறையாமல் வீடு சேர்க்க அது ஏற்ற வடிவம். ஆனால், நோன்பு திறந்தவுடன் அந்தக் கஞ்சியைப் பருகினால் நாக்கு வெந்துவிடும். பாங்குக்கும் மஃரிப் ஜமாஅத்துக்கும் இடைப்பட்ட நேரமோ சிறிது. எனவே வாயால் ஊதி ஆற்ற முற்படுகிறோம்.

பாத்திரத்தினுள் மூச்சு விடுவதையும் ஊதுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. அவ்வாறாயின் கஞ்சியை எவ்வாறு ஆற்றுவது? பாத்திரத்தின் வடிவமே அதற்கு விடை தருகிறது.

சூடு பொருளின் மேற்பரப்பு வழியாகவே வெளியேறுகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள தூக்குவாளியில் 1 லிட்டர் கஞ்சி ஏறத்தாழ 13 செ.மீ. உயரம் நிற்கும், காற்றுபடும் மேற்பரப்பு சுமார் 79 சதுர செ.மீ. அதையே 30 செ.மீ. விட்டமுள்ள சஹனில் ஊற்றினால் 1.5 செ.மீ. ஆழம்கூட இராது; மேற்பரப்போ சுமார் 707 சதுர செ.மீ., அதாவது 9 மடங்கு. அளவு மாறவில்லை, வடிவம் மட்டுமே மாறியது.

இன்னொன்றும் உண்டு. சுடுநீர் தானாகவே மேலும் கீழும் சுழன்று உட்சூட்டை வெளியே கொண்டுவரும். குழைந்த கஞ்சி அவ்வாறு எளிதில் சுழலாது. மேலே ஆடை படிந்து ஆறியதுபோல் தோன்றும். உள்ளே கொதிப்பு அடங்கியிராது. குழந்தைகள் ஏமாந்து வாயைச் சுட்டுக்கொள்வது இதனால்தான். மெல்லிய படலமாகப் பரப்பி, அகப்பையால் கிளறிவிட்டால் உட்சூடும் விரைவில் தணியும்.

வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டாரின் உடலில் வரிவரியாகத் துருத்தி நிற்கும் உலோக விளிம்புகளும் காற்றுபடும் பரப்பைப் பெருக்கவே அமைந்தவை. அவற்றின் இடுக்கில் சேறும் தூசும் அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடேறும். உழவர் அதைத் துடைத்து வைப்பதும், நாம் கஞ்சியைப் பரப்பி வைப்பதும் ஒரே விதியின்படிதான்.

ஆகவே, "ஊதாதே" என்று பிள்ளைகளைத் தடுப்பதோடு நின்றுவிடாமல், ஊதத் தேவையில்லாத வழியையும் காட்டுவோம். கொதிக்கும் தூக்குவாளியைச் சிறுவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். பாங்குக்குச் சற்று முன்பே கஞ்சியைச் சஹனில் ஊற்றி, ஈ மொய்க்காமல் மெல்லிய துணியால் மூடி வைப்போம். பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, பிஸ்மில்லாஹ் கூறி, அதைச் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்போம். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டென்பதும் நபிமொழியே.

படைத்தவன் பொருள்களில் வைத்துள்ள விதிகளை அறிந்து, அவனது தூதர் கற்பித்த ஒழுக்கத்தைப் பேணி வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.