தூபாவுக்குப் போகும் பாட்டு

யூசு என்டூரின் குரலை எப்படி எழுதிக் காட்டுவதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மெல்லிய குரல், உச்சத்திலேயே நிற்கும், சற்று மூக்காலும் வரும். ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது பாங்கு சொல்பவரின் மூச்சு ஞாபகம் வரும். யூசுஃப் என்ற பெயர்தான் செனகல்காரர் வாயில் யூசு ஆகியிருக்கிறது. 1959இல் டக்கார் நகரின் மதீனாப் பகுதியில் பிறந்தவர். தாய்வழியில் பரம்பரைப் பாடகர் குலம். புரவலர்களின் வம்சப் பெருமையைப் பாடி வாழ்ந்த அந்த மக்களை நமது பாணரோடு வைத்துப் பார்த்தால் பெரிதாகப் பிழை வராது. 1994இல் நெனே செரி என்ற பாடகியோடு சேர்ந்து பாடிய பாட்டுத்தான் அவரை உலகமெங்கும் கொண்டுபோனது. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது 2004இல் வந்த 'ஈஜிப்ட்'.

அந்த இசைத்தட்டு என் கைக்கு வந்தது 2010இல், யாழ்ப்பாணம் சோனகத்தெருவில். வீட்டுக்கு அப்போது பாதிக் கூரைதான் போட்டிருந்தோம். பாரிஸில் உணவுச்சாலைக் குசினியொன்றில் வேலை செய்கிற பழைய தோழன், வண்ணார்பண்ணைக்காரன், லீவில் வந்திருந்தான். கூட வேலை செய்கிற செனகல்காரர் ஒருவர் அவனுக்குக் கொடுத்தது. "உங்கட ஆக்கள்ர பாட்டுப் போல கிடக்கு மச்சான், நீயே வைச்சிரு" என்றான். இருபது வருடத்துக்குப் பிறகு சந்தித்த இரண்டு பேருக்கு வேறென்ன கதைப்பதென்று தெரியாத நேரத்தில் அது நல்ல உதவியாக இருந்தது.

எட்டே எட்டுப் பாட்டு. மொழி வொலொஃப். ஒரு சொல்லும் விளங்காது என்று நினைத்தபடி கேட்டால் இடைக்கிடை விளங்கிக்கொண்டே வருகிறது. அல்லாஹ், ஷுக்ரன், ஷெய்கு, தாருஸ்ஸலாம். செனகலில் தரீக்காக்களை வளர்த்த பெரியார்களைப் புகழ்கிற பாட்டுகள் அவை. அவர்களும் ஒருகாலம் தம் மொழியை அறபெழுத்தில் எழுதியவர்கள். வொலொஃபல் என்று பெயர். நம் அறபுத்தமிழின் தூரத்து மச்சான் என்று சொல்லலாம். இசைக்கோப்பு கெய்ரோவின் ஃபத்ஹி ஸலாமாவினுடையது. உம்மு குல்தூமின் பாட்டுகளில் வருவதுபோன்ற வயலின் கூட்டம் ஒரு பக்கம், ஆபிரிக்கப் பறைகளும் கோராவும் மறுபக்கம். சிறுவயதில் வாப்பாவோடு இருந்து றேடியோவில் உம்மு குல்தூமைக் கேட்ட ஞாபகந்தான் இந்த இசைத்தட்டுக்கு வித்து என்று யூசுவே சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருந்தவர் நாகூர் ஹனிபா. இலங்கை வானொலி முஸ்லிம் நிகழ்ச்சியில் அவர் குரல் வந்தால் வாப்பா கடைக் கணக்கைக்கூட மூடிவைத்துவிடுவார்.

கோராவைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, தோல் போர்த்து, நீண்ட தண்டு பொருத்தி நரம்பு கட்டிய கருவி. நரம்புகள் 21. பேரியாழுக்கும் 21 நரம்பு என்றுதான் நம் நூல்கள் சொல்கின்றன. பத்தரின்மேல் தோல் போர்த்த யாழைச் சங்கப் பாட்டுகளில் படிக்கும்போது மனக்கண்ணில் ஒன்றும் தெளிவாக எழுந்ததில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல வருடம் உழைத்து 1947இல் 'யாழ் நூல்' எழுதினார். மறைந்துபோன கருவியொன்றைக் கணக்குப்போட்டு மீட்கும் பாடு அது. யாழின் பெயரைச் சுமக்கும் ஊரில் யாழ் இல்லை. அதன் உறவுக் கருவியை மேற்கு ஆபிரிக்காவில் இன்றும் தகப்பன் மகனுக்குப் பழக்குகிறான். இது என்னை உறுத்துகிறதா மகிழ்விக்கிறதா என்று கேட்டால், இரண்டும்தான்.

யூசுவுக்கு இந்த இசைத்தட்டு லேசில் கைகூடவில்லை. 2001 செப்டம்பருக்குப் பிறகு, உலகம் இஸ்லாத்தைப் பார்த்த பார்வையில் இதை வியாபாரமாக்கியதாகிவிடும் என்று வெளியிடாமல் வைத்திருந்தார். வெளிவந்தபோது சொந்த நாடே முகம் சுளித்தது. நடனப் பாட்டுப் பாடுகிறவன் வலிமாரைப் பாடலாமா என்று கேட்டார்கள். கடைகள் ஒலிநாடாக்களைத் திருப்பி அனுப்பின. 2005இல் கிராமி விருது கிடைத்த பிறகு அதே ஊர் அவரைக் கொண்டாடியது. 2008இல் வந்த ஆவணப்படமொன்றில் இதெல்லாம் உண்டு. பாட்டு ஆகுமா ஆகாதா என்ற சண்டையை நாமும் பார்த்தவர்கள்தானே. ஆனால் அமெரிக்கக்காரன் பரிசு கொடுத்தபிறகு ஹலாலாகிவிடுகிற பாட்டைப்பற்றி எந்தப் பக்கத்து உலமா என்ன சொல்வார் என்று அறிய எனக்கு ஆசை.

என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது ஷெய்கு அஹ்மது பம்பாவின் கதை. முரீதிய்யாத் தரீக்காவைத் தொடங்கியவர். எட்டில் மூன்று பாட்டு நேரடியாக அவர் பெயரையோ அவர் அமைத்த தூபா நகரின் பெயரையோ தாங்கியவை. பிரெஞ்சுக்காரர்கள் அவர் பின்னால் சேர்ந்த கூட்டத்துக்குப் பயந்து 1895இல் அவரை காபோனுக்கு நாடுகடத்தினார்கள். ஏழு வருடம் அங்கே. 1902இல் திரும்பிவர, அடுத்த வருடமே மொரித்தானியாவுக்கு. அந்நிய மண்ணில் இருந்து கஸீதாக்கள் எழுதினார். ஆயுதம் எடுக்கவில்லை. இப்போது தூபாவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடுகிற 'மகால்' நடப்பது எந்த நாளில் தெரியுமா? அவர் திரும்பிவந்த நாளில் அல்ல. நாடுகடத்தப்பட்ட நாளில், ஸஃபர் பிறை 18இல். அந்தச் சோதனையை அல்லாஹ் தந்த வெகுமதியாக அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு நன்றி செலுத்தச் சொன்னார்.

நமக்கும் ஒரு நாள் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30. துவக்கோடு வந்தவர்கள் ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊர் வெறுமையானது. கறுப்பு ஒக்டோபர் என்றுதான் அதைச் சொல்லிவருகிறோம்.

உம்மா ஒருநாள் குசினியிலிருந்து கேட்டார், "ஆர் இவர், எந்தத் தைக்காவில படிக்கிறவர்?" விபரம் சொன்னேன். ஷெய்கைத் துரத்தின நாளைப் பெருநாள்போல எடுக்கிறார்கள் என்றதும் கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு வந்து இருந்தார்.

"அவர் திரும்பி வந்தவரா?"

"வந்தவர் உம்மா. ஏழு வருசத்தால."

"வீடு இருந்ததாமா?"

எனக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு கேள்வி இல்லை. கொஞ்ச நேரம் இருந்து கேட்டுவிட்டு, "நல்லாத்தான் படிக்கிறார்" என்று எழும்பிப் போனார். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் எங்களை வளர்த்தவர். ஒரு வலி தன் சோதனைக்கு நன்றி சொல்லலாம். ஒரு சனத்தின்மீது விழுந்த அநியாயத்துக்கு அந்தச் சனத்தை நன்றி சொல்லச் சொல்லி எவரும் கேட்கமுடியாது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் தூபாப் பாட்டில் வயலின்கள் எழும்பி அந்தக் குரல் மேலே ஏறும்போது, பம்பாவுக்குக் கிடைத்த அந்த மனசு எப்படியிருக்கும் என்று கொஞ்சநேரமாவது தெரிகிறமாதிரி இருக்கிறது.

இசைத்தட்டில் இப்போது கீறல் விழுந்து ஆறாவது பாட்டு ஓடுவதில்லை, கைபேசியில் வைத்திருக்கிறேன். ஸஃபர் 18 அன்று முழுவதும் கேட்பேன். ஒக்டோபர் 30இல் போடுவதில்லை.