இரண்டாவது சாவி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய ஒரு சாவிக் கடை. பழைய இகோஸ்போர்ட் ஒன்றை வாங்கியவர், வண்டியோடு வந்த ஒற்றைச் சாவியைக் கொண்டுவந்திருந்தார். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் தயாரான வண்டி.

சாவிக்காரர் பிளாங்கை மிஷினில் இறுக்கிப் பள்ளம் வெட்டினார். ஓரத்துப் பிசிறை விரலால் தடவிப் பார்த்து அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். புதிய சாவிக்குக் கதவு திறந்தது. எஞ்சின் கிளம்பவில்லை. டாஷ்போர்டில் திருட்டுத் தடுப்பு விளக்கு படபடவென்று மினுக்கியது.

“இரும்பு வேலை முடிஞ்சுது சார். இனிமே சிப் வேலை” என்றார்.

சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே சாவித் தலையிலுள்ள சிப் மின்சாரம் பெறுகிறது; ரிமோட் பேட்டரி தீர்ந்த பிறகும் வண்டி கிளம்புவது இதனால்தான். வண்டி ஓர் எண்ணை அனுப்பும். தன் ரகசிய எண்ணை வைத்துச் சிப் கணக்குப் போட்டு விடை அனுப்பும். விடை தவறினால் எஞ்சின் ஓடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இந்தத் தடுப்பைக் கட்டாயமாக்கியது. அதையும் உடைக்கலாம் என்று 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தாரோடு சேர்ந்து காட்டினார்கள். அவர்கள் உடைத்தது, அன்றைய ஃபோர்டுகளிலும் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பின் 40 பிட் ரகசிய எண். பின்னால் 80 பிட் சிப்கள் வந்தன.

ஃபோர்டின் பல மாடல்களில், பதிவான இரண்டு சாவிகள் இருந்தால் மூன்றாவதை உரிமையாளரே சேர்த்துக்கொள்ளலாம். முதல் சாவியால் இக்னிஷனைச் சில நொடிகள் ஆன் செய்து அணைத்து, அடுத்து இரண்டாவது, உடனே புதியது. ஒரே சாவி இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அதனால் சாவிக்காரர், ஸ்டீயரிங்குக்குக் கீழே வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் சாவி பதியும் கருவியைச் செருகினார். வண்டியின் கணினியிடம் அனுமதி கிடைக்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். திருடனுக்கு அது மிக நீண்ட நேரம்.

அந்த நேரத்தில் அவருடைய நோட்டைப் புரட்டினேன். வரிக்கு வரி வண்டி எண், ஆர்.சி.யில் உள்ள பெயர், லைசென்ஸ் எண். “ஆர்.சி. இல்லாம வர்றவங்களத் திருப்பி அனுப்பிடுவேன் சார். வருமானம் போனாப் போகட்டும்” என்றார். சாவி வெட்டும் கைத்திறனைவிட இந்த மறுப்பே எனக்குப் பெரிதாகப்பட்டது. அடுத்தவர் வண்டியையும் கிளப்பக்கூடிய கருவியை ஒருவர் கையில் நம்பிக் கொடுத்திருக்கிறோம். அதற்குக் காவல் அவருடைய மனசாட்சிதான்.

அனுமதி கிடைத்ததும் பழைய பதிவுகள் அத்தனையையும் அழித்தார். அழித்தபின் குறைந்தது இரண்டு சாவிகள் பதிவாகாமல் வண்டி கிளம்பாது. இரண்டையும் பதிந்து, ஒவ்வொன்றாலும் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்.

“முன்னாடி வச்சிருந்தவர்கிட்ட இன்னொரு சாவி இருந்தாலும் இனி பயமில்ல. கதவு திறக்கும், வண்டி கிளம்பாது” என்று வாடிக்கையாளரிடம் சொன்னார்.

பழைய கார் வாங்கும்போது எஞ்சினைக் கேட்டுப் பார்க்கிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம். இரண்டாவது சாவி எங்கே என்று கேட்க மறந்துவிடுகிறோம். கேளுங்கள். இல்லையென்றால் பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகப் பதியுங்கள். அந்த வேலைக்கு ஆர்.சி. கேட்கும் சாவிக்காரரிடமே போங்கள். உங்களிடம் கேட்காதவர், நாளை உங்கள் வண்டிக்குச் சாவி கேட்டு வருபவனிடமும் கேட்கமாட்டார்.