ஓட்டுவது பாதி... நிறுத்துவது மீதி!

கோயம்புத்தூர்க்காரர்கள் கையில் ஒரு பழைய என்ஜினைக் கொடுத்துப் பாருங்கள். அதை ஓட வைக்காமல் விடமாட்டார்கள். பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும் செய்து பழகிய கை. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் போனால் லேத் பட்டறையும் வெல்டிங் பட்டறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆகவே பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிப் பிரித்து, அதன் என்ஜினையும் சக்கரங்களையும் வைத்து, இரும்புக் குழாயில் சொந்தமாக ஒரு கார் கட்டிவிட வேண்டும் என்ற ஆசை இங்கே இளைஞர்களுக்கு வருவதில் வியப்பில்லை.

என்ஜின் சீக்கிரமே உறுமிவிடும். குடும்பமே கூடி நின்று கை தட்டும். ஆனால், விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தால் கேட்கும் முதல் கேள்வி வேறு: ‘‘அது சரிங் தம்பி... வண்டி நிக்குமுங்களா?’’

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது.

கரிவரதன் போட்ட பாதை

சொந்தமாகக் கார் கட்டும் ஆசைக்கு இந்த ஊரில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயங்கள் நடந்த காலத்தில் புகழ்பெற்ற வீரர். பந்தய கார் என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், அதற்குப் பெரும் பணம் வேண்டும் என்றிருந்த நிலையை மாற்றியவர் அவர். 1980-களின் இறுதியில், ஊரெல்லாம் ஓடிய மாருதி 800-ன் 796 சிசி என்ஜினை வைத்து, கோவையிலேயே ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கை பந்தய காரை உருவாக்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது வேகம் அல்ல. தனக்காக ஒரு கார் கட்டுபவருக்கு அதன் கோணல் குணமெல்லாம் பழகிவிடும். ‘பிரேக்கை இரண்டு தடவை மிதிக்கணும், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடிச்சுக்கணும்’ என்று சமாளித்துக்கொள்வார். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை உட்கார வைக்கும் கார் அப்படி இருக்க முடியாது. புதிதாக ஏறுகிறவருக்கும் அது சொன்னபடி நிற்க வேண்டும், சொன்ன பக்கம் திரும்ப வேண்டும். கோவையின் நரேன் கார்த்திகேயன் தன் ஆரம்ப நாட்களில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தளம் அவர் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது, ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று.

பெடல் பேசும் மொழி

வீட்டில் கட்டிய காரில் பிரேக் கோளாறு வந்தால், முதலில் கேட்க வேண்டியது பெடலைத்தான். அது ஒவ்வொரு நோயையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும்.

மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? குழாயில் காற்று இருக்கிறது. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் காலின் விசை சக்கரம் வரை போய்ச் சேராது. ‘பத்து தடவை ஏர் எடுத்தாச்சு, இன்னும் போகலை’ என்று தலையில் கை வைப்பவர்கள், காலிபரைக் குனிந்து பார்க்க வேண்டும். வலது பக்கத்துக் காலிபரை இடது பக்கம் மாட்டியிருந்தால், ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலேதான் தங்கும். நிப்பிள் உச்சியில் இல்லாதவரை, எத்தனை தடவை எடுத்தாலும் வராது.

மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறதா? வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கலாம்.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, கார் மட்டும் நிற்க மறுக்கிறதா? இது சொந்தமாகக் கட்டுபவர்களுக்கே உரிய சிக்கல். பழைய காரில் பிரேக் பூஸ்டர் இருந்திருக்கும். இடம் போதாமல் அதைக் கழற்றிவிட்டு, மாஸ்டர் சிலிண்டரை மட்டும் வைத்திருப்பார்கள். இங்கே சிறு கணக்கு ஒன்று உதவும். கால் 20 கிலோ விசை கொடுக்கிறது, பெடலின் நெம்பு அதை 5 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால், சிலிண்டருக்குக் கிடைப்பது 100 கிலோ. சிலிண்டரின் விட்டம் 19 மி.மீ. என்றால், சதுர செ.மீ-க்கு சுமார் 35 கிலோ அழுத்தம்தான் வரும். அதையே 16 மி.மீ. அளவுக்குக் குறைத்தால், அழுத்தம் 50 கிலோவை நெருங்கும். பெடல் கொஞ்சம் கூடுதல் ஆழம் போகும், அவ்வளவுதான். ‘பெரிய சிலிண்டர் போட்டா பிரேக் பலமாகும்’ என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர் எதிர்.

பத்து நிமிடம் ஓடியதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது, ஆறினால் விட்டுவிடுகிறது என்றால் பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள தள்ளுகம்பியைப் பாருங்கள். அதற்குத் துளி இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால், சூட்டில் விரியும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப வழியின்றி உள்ளேயே அழுத்தும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்வது. முன்சக்கரம் பூட்டினால் கார் திரும்பாது, நேராகச் சறுக்கும். பின்சக்கரம் பூட்டினால் கார் சுழன்றுவிடும். முன்னால் இருந்த என்ஜினைப் பின்னால் வைக்கும்போது எடை இடம் மாறிவிடுகிறது. பழைய காரின் பிரேக் பங்கீடு புதிய உடம்புக்குப் பொருந்தாது. அதனால், மணல் இல்லாத காலியான தரையில், குறைந்த வேகத்தில், எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று வெளியே ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

நூல் பிடித்தால் தெரியும்

ஸ்டீயரிங்கில் வரும் விசித்திரம் இன்னும் பெரியது. வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகும் கார்கூட உண்டு! அச்சுக்குப் பின்னால் இருந்த ஸ்டீயரிங் ரேக்கை அச்சுக்கு முன்னால் மாற்றிவைத்து, சக்கரத்தின் கைகளையும் முன்பக்கம் திருப்பிவிட்டால், திசை தலைகீழாகிவிடும். சிரிப்பாகத் தெரியலாம், வரைபடத்தில் யாருமே கவனிக்காத தவறு இது.

சாதாரண ரோட்டில் ஒழுங்காகப் போகிறது, பள்ளம் மேட்டில் மட்டும் தானாக விலகி ஓடுகிறது என்றால், டை ராடின் நீளமும் சாய்வும் சஸ்பென்ஷன் கையோடு ஒத்துப்போகவில்லை. சக்கரம் மேலே கீழே போகும்போது இரண்டும் வேறு வேறு வட்டத்தில் நகர்கின்றன. கை வைக்காமலே சக்கரம் திரும்புகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கியால் மெல்ல ஏற்றி இறக்கினால் இது கண்ணுக்கே தெரியும்.

திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை என்றால், காஸ்டர் கோணம் போதவில்லையா, எங்காவது இறுக்கமா என்று பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் இறுகினால், ஸ்டீயரிங் தண்டின் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்டுகளும் ஒன்றுக்கொன்று ஒத்த நிலையில் பூட்டப்படவில்லை.

சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காரின் இரு பக்கமும் இணையாக நூல் கட்டி, சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளவெடுத்தால் போதும். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது மாதிரிதான்.

செட்டிபாளையத்துத் தேர்வு

இந்தக் கவனத்தையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கூடும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டியைப் பார்க்கலாம். அங்கே வேகம் காட்டுவதற்கு முன் பரிசோதனை. இந்த வகை மாணவர் போட்டிகளின் விதிகள் கறாரானவை. பிரேக்குக்கு இரண்டு தனித்தனி எண்ணெய்ப் பாதைகள் வேண்டும். ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்த வேண்டும். ஸ்டீயரிங்கில் மொத்த ஆட்டம் 7 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. காரை 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள். எண்ணெய் ஒழுகக் கூடாது. பிறகு ஓட்டி வந்து மிதிக்க வேண்டும். நான்கு சக்கரமும் பூட்ட வேண்டும். ஒன்று பூட்டாவிட்டாலும் பந்தயத்துக்குள் போக முடியாது. பல மாதங்கள் தூக்கம் விட்டு உழைத்த பிள்ளைகள் அங்கே கண் கலங்கலாம். ஆனாலும், அந்த ‘இல்லை’தான் அவர்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

பெற்றோர் கையில் இருப்பது

கார் ஷெட்டில் மகனோ மகளோ இரும்புக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், தடுக்க வேண்டியதில்லை. ஆனால், அப்படிக் கட்டிய காரை முறையான ஒப்புதலும் பதிவும் இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. மூடிய மைதானத்திலும், முதல் நாள் நடை வேகம்தான். ஹெல்மெட்டும் பெல்ட்டும் கட்டாயம்.

பிரேக் எண்ணெய் புதிதாகப் பிரித்த டப்பாவிலிருந்துதான் ஊற்றப்பட வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறினால் அது 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் தரையைத் தொடும். மாதக்கணக்காகத் திறந்து கிடந்த டப்பாவில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

இன்னொன்று. கட்டியவரே பரிசோதித்தால், அவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. பக்கத்துப் பட்டறையில் நாற்பது வருடம் பிரேக் பிரித்த கை ஒன்று இருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூப்பிட்டால், வந்து ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்ப்பார். ‘‘இதக் கழட்டிப் போட்டு மறுபடி மாட்டு கண்ணு’’ என்பார். கோபம் வரும். கழற்றி மாட்டுவதே நல்லது.