எத்தனை பாகை?

சுடுதண்ணீர் குடித்தால் புற்றுநோய் கரைந்துவிடும் என்ற வாட்ஸ்அப் செய்தி லா சப்பலில் எங்கள் வீடுகளுக்கும் வந்தது. சபை அன்ரி ஒருவருக்குச் சூலகப் புற்றுநோய், வயிற்றறைக்குள் பரவியிருக்கிறது. கட்டிகளை வெட்டி அகற்றியபின், சூடாக்கிய மருந்தை வயிற்றுக்குள் சுற்றவிடுவார்கள் என்று வைத்தியசாலையில் சொன்னதை நாங்கள்தான் மொழிபெயர்த்தோம். "அப்ப வாட்ஸ்அப்பில வந்தது சரிதானே, பிள்ளையள்?" என்று கேட்டா.

இல்லை. எவ்வளவு சுடுதண்ணீர் குடித்தாலும் உடம்பு ஏறக்குறைய 37 பாகை செல்சியஸிலேயே தன்னை வைத்துக்கொள்ளும். இந்தச் சிகிச்சையில் வயிற்றுக்குள் 40 முதல் 43 பாகை வேண்டும். 43ஐத் தாண்டினால், ஒவ்வொரு பாகைக்கும் கலங்கள் சாக எடுக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. நல்ல கலங்களுக்கும் அதே கணக்குத்தான்! அதனால் மருந்து உள்ளே போகும் குழாயிலும், வெளியே வரும் குழாயிலும், வயிற்றுக்குள்ளும் வெப்ப உணரிகள் வைப்பார்கள். முழு உடம்பும் கொதிக்காமல் பார்க்க உணவுக்குழாயிலும் ஒன்று. முடியும்வரை திரையிலிருந்து கண் எடுக்கமாட்டார்கள்.

இவ்வளவு அளந்தும் எல்லாருக்கும் பலன் இல்லை. பிரான்சில் பெருங்குடல் புற்றுநோய் பரவிய 265 பேரிடம் நடந்த 'பிரோடிஜ் 7' ஆய்வு 2021இல் வெளியானது. சத்திரசிகிச்சையோடு சூட்டு மருந்தும் பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. சூலகப் புற்றுநோயில் 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு பலன் காட்டியது. இரண்டையும் அன்ரியிடம் மறைக்காமல் சொன்னோம். ஜெபிக்கிறவர்களுக்கு உண்மை தெரியக்கூடாதா என்ன?

இப்படிப் பிரெஞ்சு தெரியாமல் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், வாலிபர் கூட்டத்தில் சொல்லுங்கள். கூட வருவோம்.