அரிசியும் தொலைபேசியும்

ஐந்து கிலோ நிவாரண அரிசி ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குப் போதும் என்பதைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த அரிசி கண்ணெதிரே இருந்தும் மூன்று நாட்கள் அடுப்பேறாமல் கிடந்ததை நான் கண்டேன். ஒரு கைத்தொலைபேசியை உலர்த்துவதற்காக அது ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியதை வாசகர் அறிவர். நாடெங்கும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவிலுள்ள கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவாயிற்று. இரத்தோட்டைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டப் பகுதியில், லயங்களுக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரியத் தொடங்கியதும் சனங்கள் இருளில் எழுந்து பாடசாலைக்கு ஓடிவந்தனர். பாதைகள் அறுந்தன. மின்சாரம் போயிற்று. தொலைபேசிக் கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாயின.

அப்பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியன். பதினெட்டு வருடங்களாகப் பதினோராம் தரத்துப் பிள்ளைகளுக்கு மின்பகுப்பு கற்பித்து வருபவன். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று என் சட்டைப் பையில் நனைந்து ஊறியிருந்த தொலைபேசியை, மறுநாள் மாலை பாடசாலையில் ஒரு மின்பிறப்பாக்கியை இயக்கியவுடனே ஓடிப்போய் மின்னேற்றியில் மாட்டியவனும் நானேதான். சிறு வெடிப்பொலி ஒன்று கேட்டது; தீய்ந்த நாற்றம் வந்தது; அத்தோடு அதன் கதை முடிந்தது. கரும்பலகையில் நான் எத்தனையோ முறை வரைந்த அனோட்டும் கதோட்டும் அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை. புத்தகத்தில் படித்தது கைக்கு இறங்குவதற்கு எத்தனை காலம் வேண்டியிருக்கிறது!

என் தொலைபேசி போனதால் எனக்கு நேர்ந்தது ஒரு நஷ்டம், அவ்வளவே. ஆனால் எட்டாம் வகுப்பறையில் தங்கியிருந்த அந்தக் குடும்பத்தின் கதை வேறு. பாட்டி, உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பேத்தி, ஒன்பது வயதுப் பேரன் ஆகிய மூவர். தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். தகப்பன் இறந்து பல வருடமாயிற்று. ஓடிவந்த இரவில் பாட்டி தன் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தாள். பேத்தி தம்பியைத் தூக்கிக்கொண்டாள். அவள் இடுப்பில் செருகியிருந்த தொலைபேசி வாய்க்காலைக் கடக்கும்போது சேற்றுநீரில் விழுந்தது. துழாவி எடுத்துவிட்டாள், ஆனால் அதன் வெளிச்சம் அணைந்துபோயிருந்தது.

அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தவை கடதாசிகள். பிறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், மாமனார் காலத்துச் செக்றோல் துண்டு ஒன்று. யாவும் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றப்பட்டிருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கியது. 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. கடதாசி இல்லாதவன் மனிதனாகக் கொள்ளப்படான் என்பதை அரை நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்து உணர்ந்த சமூகத்தில், ஒரு கிழவி உயிருக்கு அடுத்தபடியாகப் பெட்டியைத் தூக்கியதில் வியப்பில்லை. "பெட்டி பத்திரம் சேர். அந்த விளையாட்டுச் சாமான்தான் நனைஞ்சு போச்சு" என்று அவள் என்னிடம் ஆறுதலாகவே சொன்னாள்.

பேத்தி ஒன்றும் பேசவில்லை. அவளுடைய பாடக் குறிப்புகளின் படங்கள் அதற்குள் இருந்தன. தாய் வாரந்தோறும் அனுப்பிய குரற்பதிவுகளும் அதற்குள்தான். மண்சரிவுச் செய்தியைக் குவைத்தில் பார்த்துவிட்டுத் தாய் இந்நேரம் ஓயாமல் அழைத்துக்கொண்டிருப்பாள். அந்த அழைப்பு வந்து சேரவேண்டிய பொருளும் அதுவேதான்.

பொதுச் சமையல் ஒருவேளைக்கு மட்டும் நடந்தது. மற்ற வேளைக்கு உலருணவைக் குடும்பவாரியாகப் பகிர்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் மாலை, அந்தச் சின்னப் பையன் பக்கத்துக் குடும்பத்தின் ரொட்டியைப் பார்த்தவாறு நிற்பதைக் கண்டு, "உங்களுக்கு அரிசி தரவில்லையா?" என்று கேட்டேன்.

"தந்தாங்க சேர். அதுக்குள்ள போன் இருக்கு. மூனு நாளைக்குத் தெறக்கக் கூடாதாம்" என்றான்.

வாளியின் மூடியைத் திறந்து பார்த்தேன். அரிசிக்குள் கைவிட்டு அக்கருவியை எடுத்தபோது, மின்னேற்றும் துளையில் ஒரு குருணை அடைத்துக்கொண்டிருந்தது. மேலெல்லாம் சேறும் தவிடும் கலந்த மாவு.

இந்த அரிசி வைத்தியம் இன்று உலகெங்கும் பரவிய நம்பிக்கை. அரிசி காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது ஈர்க்கும் என்பது மெய். ஆனால் கருவியின் உள்ளே, சில்லுகளுக்கு அடியில் மயிரிழை இடைவெளிகளில் மேற்பரப்பு இழுவிசையால் ஒட்டிக்கொண்டிருக்கும் நீரை வெளியே நிற்கும் அரிசிமணி எவ்வாறு இழுக்கும்? அசையும் காற்று செய்கிற வேலையை அது செய்யாது. வாளிக்குள் மூடி வைத்தாலோ அந்தக் காற்றும் இல்லை. அப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில், அரிசியில் போடவேண்டாம், துகள்கள் உட்சென்று கேடு செய்யும் என்று அறிவுறுத்தியது. இணைப்புத் துளை கீழ்நோக்கி இருக்கப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி நீரை வடியச் செய்து, காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும் என்பதே அதன் ஆலோசனை. அடுப்போரமோ தலைமயிர் உலர்த்தும் கருவியோ உதவாது. சூடு இலிதியம் மின்கலத்துக்கு ஆபத்து.

ஆயினும் கொலைகாரன் நீர் மட்டுமன்று. தூய நீரில் மின்சாரம் எளிதில் பாய்வதில்லை. எங்கள் வாய்க்கால் நீரிலோ மண்ணின் உப்பும் கொழுந்து மலைக்குப் போட்ட உரமும் கரைந்திருக்கின்றன. அத்தகைய நீர் உள்ளே இருக்கும்போது மின்னோட்டம் தொடர்ந்தால் செம்புத் தடங்கள் அரித்துக் கரையத் தொடங்கும், அதுவே மின்பகுப்பு. ஆகையால் முதற் காரியம் மின்னை நிறுத்துவது. 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று பொத்தானை அமுக்குவதும் மின்னேற்றியில் மாட்டுவதும் ஒருபோதும் கூடா. நான் செய்த பாவம் அதுவே. அந்தப் பெண்ணின் தொலைபேசி விழுந்தவுடனே அணைந்துவிட்டது. அவளும் அதன்பின் அதைத் தொடவில்லை. தவறான மருந்து கொடுத்தாலும் இந்த ஒரு விடயத்தில் அவள் தன் ஆசிரியனைவிட விவேகியாக இருந்தாள்.

அன்றிரவு அந்த அரிசி சோறாயிற்று. பையன் இருமுறை போட்டுக்கொண்டான்.

கருவியின் பக்கத்திலுள்ள சிறு துளையில் ஒரு ஊசியைச் செருகி சிம் தட்டை வெளியே எடுத்தோம். சிம் என்பது நீருக்கு எளிதில் மசியாத பண்டம். நல்ல நீரில் கழுவித் துடைத்து ஓர் இரவு உலரவிட்டு, முகாமிலிருந்த ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரின் பழைய பொத்தான் தொலைபேசியில் இட்டோம். கருவி செத்தாலும் இலக்கம் சாகாது என்ற இந்தச் சிறு உண்மை அங்கே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. என் தொலைபேசியின் சிம்மும் இரண்டு நாட்களாகச் சும்மா கிடந்ததே! ஆறாம் நாள் காலை கோபுரம் உயிர்பெற்றது. ஒரு மணி நேரத்துக்குள் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. பாட்டி தொலைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இருக்கோம்மா, இருக்கோம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எட்டாம் நாள் பாதை திறந்தபோது பெண்ணையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு மாத்தளை நகரத்துக்குப் போனேன். திருகோணமலை வீதியில் ஒரு சிறிய திருத்தகம். மேசை நிறைய சேறு காய்ந்த தொலைபேசிகள். ஒவ்வொன்றிலும் சொந்தக்காரரின் ஊர் எழுதிய ஒரு துண்டு. விலையுயர்ந்தவை அங்கே அரிது. ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சான்று பெற்ற கருவிகள் வசதியுள்ளோரிடம் இருக்கின்றன. அவர்கள் வாய்க்காலைக் கடந்து ஓடவேண்டியதுமில்லை. மலிவான கருவிகளுக்கு அந்தக் கவசமில்லை. உத்தரவாதமும் நீரைக் கண்டால் விலகிக்கொள்ளும். பல கருவிகளின் உள்ளே, ஈரம் பட்டால் சிவக்கும் ஒரு வெள்ளைப் பொட்டை ஒட்டி வைக்கிறார்கள். அது திருத்துவதற்கான துணையன்று, மறுப்பதற்கான சாட்சி.

திருத்துநர் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞர். பின்மூடியைச் சூடுகாட்டித் திறந்து முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினார். உருப்பெருக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். மின்பலகையின் ஓரத்தில் பாசி படர்ந்தாற்போல் பச்சை பூத்திருந்தது. "காஞ்சிருச்சுன்னு விட்டா தப்பு சேர். தண்ணி போனாலும் உப்பு உள்ளுக்குத்தான் இருக்கும். கழுவணும்" என்றார். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் மென்தூரிகையைத் தோய்த்து அவர் அந்தப் பலகையைப் பல் துலக்குவதுபோலத் துலக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வுகூடத்தில் எவரும் இத்தனை கவனமாக வேலை செய்து நான் கண்டதில்லை.

திரை செத்திருந்தது; மின்கலமும் பயனில்லை. வேறொரு கருவியின் திரையையும் மின்கலத்தையும் தற்காலிகமாகப் பொருத்தினார். இரண்டு முறை இருண்டது. மூன்றாம் முறை ஒளி நின்றது. மறுபடி அணைவதற்குள் எடுப்பதை எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டு, குறிப்புப் படங்களையும் குரற்பதிவுகளையும் நகமளவு ஞாபக அட்டை ஒன்றில் பிரதி செய்தார். இடைநின்ற பரீட்சையின் எஞ்சிய பாடங்களை அவள் 2026 ஜனவரியில் எழுதியது அந்தப் படங்களை வைத்துத்தான்.

பிரதியாகும்போது தவறுதலாக ஒரு பதிவு ஒலித்தது. பையனுக்குச் சப்பாத்து வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன், அளவு பார்த்து வாங்கு என்ற சாதாரணச் செய்தி. கிழவி திடுக்கிட்டு மேசையருகே வந்தாள். மகளின் பேச்சு உள்ளே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் அந்த அட்டையைத் தன்னிடம் தரும்படி கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். பாடசாலைக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து, பிரஜாவுரிமைப் பத்திரத்தின் மடிப்புக்குள் அதை வைத்துப் பொலித்தீனை மீண்டும் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, "இது நனைஞ்சா என்ன செய்யணும் சேர்?" என்றாள்.

"அரிசியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்" என்றேன்.