கழித்தல் குறி மாதிரி ஒரு கோடு

விசைப்பலகையில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் குட்டிக் கோட்டைக் கழித்தல் குறி என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யுனிகோட் அட்டவணையில் அதன் பெயர் 'ஹைஃபன்-மைனஸ்'. பாதி இணைப்புக்கோடு, பாதி கழித்தல். பெயரிலேயே பஞ்சாயத்து!

இந்த இரட்டை வேடம் தட்டச்சுப்பொறி காலத்திலேயே ஆரம்பித்தது. இருக்கிற விசைகளோ கொஞ்சம். வார்த்தைகளை இணைக்க ஒரு கோடு, எண்ணைக் கழிக்க இன்னொரு கோடு என்று வைக்க இடம் ஏது? 1963-ல் வந்த ஆஸ்கியும் அதே வழியில்தான் போனது. 7 பிட், மொத்தமே 128 இடங்கள். கூட்டலுக்கு 43, இந்தக் கோட்டுக்கு 45. (நடுவில் 44-ல் காற்புள்ளி.) கணினி மொழிகள் எல்லாம் இந்த 45-ஐத்தான் கழித்தல் என்று எடுத்துக்கொண்டன.

அச்சுக்காரர்களின் கணக்கு வேறு. 1489-ல் லைப்சிக்கில் யோஹன்னஸ் விட்மன் வெளியிட்ட கணக்குப் புத்தகத்திலேயே + − இரண்டும் அச்சேறிவிட்டன. நன்றாக அச்சிட்ட புத்தகத்தில் கழித்தல் குறி, கூட்டல் குறியின் படுக்கைக் கோட்டைத் தனியாக எடுத்து வைத்தது போல இருக்கும். அதே நீளம், அதே உயரம். விசைப்பலகைக் கோடோ குட்டையாக, கொஞ்சம் கீழே தொங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: − மற்றும் -

1991-ல் யுனிகோட் வந்தபோது இடப் பஞ்சம் தீர்ந்தது. கணிதக் குறிகளுக்கென்றே 256 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதில் நிஜமான கழித்தல் குறியின் எண் 8722. ஒரு பக்கம் ∑, மறுபக்கம் ∓, நல்ல அக்கம்பக்கம்தான். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 226, 136, 146 என்று மூன்று பைட் பிடிக்கும். பழைய கோட்டுக்கு ஒரே பைட்.

சிக்கல் இங்கேதான். பிடிஎஃப் பாடக்குறிப்பிலிருந்து ஒரு சமன்பாட்டை நகலெடுத்து சி நிரலில் ஒட்டினால், பழைய ஜிசிசி 342, 210, 222 என்று மூன்று பிழை காட்டும். மேலே சொன்ன அதே மூன்று பைட், எட்டடிமானத்தில்! வரியை எத்தனை முறை படித்தாலும் கண்ணுக்குத் தவறு தெரியாது.

அதுவாவது கத்துகிறது. விரிதாள் கத்தாது. 500, −200, 300 என்று ஒட்டிய பட்டியலில் நடு எண்ணை எக்செல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கூட்டல் சார்பு அதைத் தாண்டிப் போய் 600-க்குப் பதில் 800 என்று சொல்லும். சந்தேகம் வர ஒரே அடையாளம், அந்த எண் மட்டும் கட்டத்தின் இடது ஓரமாக ஒதுங்கி நிற்பது.

வேடிக்கை பைத்தானில். அதன் int சார்பிடம் தமிழ் எண் '௫' கொடுத்தால் சமர்த்தாக 5 என்று திருப்பித் தரும். ஆனால் '−5' என்று நிஜக் கழித்தல் குறியோடு கொடுத்தால் இது எண்ணே இல்லை என்று பிழை காட்டும். தமிழ் இலக்கம் தெரிந்த மொழிக்குக் கழித்தல் குறி தெரியவில்லை! ராக்கு, ஜூலியா மாதிரி சில மொழிகள் இரண்டையும் ஏற்கின்றன. மற்றவையும் ஏற்கலாம், 8722-க்குக் கழித்தலைத் தவிர வேறு அர்த்தம் கிடையாதே.

அதுவரை, ஒட்டிய பட்டியலில் சந்தேகக் கோடு இருந்தால் அந்தக் கோட்டையே நகலெடுத்து 'தேடு' பெட்டியில் ஒட்டி, 'மாற்று' பெட்டியில் விசைப்பலகைக் கோட்டை அடித்து மொத்தமாக மாற்றிவிடலாம். என்ன எண் என்றுகூடப் பார்க்க வேண்டாம். சில ஆவணங்களில் கழித்தல் இருக்க வேண்டிய இடத்தில் 8211 என்ற இடைக்கோடு வந்து உட்கார்ந்திருக்கும். அதற்கும் இதே வைத்தியம்தான்.