கசிந்த படகும் கவிழ்ந்த படகும்

பழையதே உறுதியானது என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. இருபது ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் நடத்துவோர்க்கு அது இயல்பு. இரண்டு பாய்மரப் படகுகளைப் பற்றி அடுத்தடுத்து வாசித்தபோதும் அந்த வாயே முந்திக்கொண்டது.

முதலாவது 'சுகைலி'. மும்பையில் தேக்கால் கட்டப்பட்டது, 32 அடி. ஏரா எனப்படும் அடிக்கட்டை உடலோடு உடலாக நீண்டிருக்கும். வேகம் குறைவு, திரும்பவும் சுணங்கும். பாய்களை அளந்து கட்டிவிட்டாலோ தானே திசை பிடித்துச் செல்லும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இதில் தனியராய், எங்கும் கரை தொடாமல், 312 நாட்களில் உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் திரும்பினார்.

மற்றது 'சீக்கி ரஃபிக்கி'. 40 அடி, கண்ணாடியிழை உடல், குறுகி ஆழ்ந்த ஏரா திருகாணிகளால் அடியில் பூட்டப்பட்டது. எதிர்காற்றிலும் விரையும், சட்டென்று திரும்பும். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் அந்த ஏரா கழன்று படகு கவிழ்ந்தது. நால்வர் மீளவில்லை.

"பார்த்தீர்களா?" என்று வாயெடுத்தோம். பிறகு உறுத்தியது. சுகைலியும் கசிந்த படகுதான். பலகை இடுக்கை அடைக்க நடுக்கடலில் நீருள் மூழ்கினார் நாக்ஸ்-ஜான்ஸ்டன். மற்றதிலோ, முன்பு தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்பும் உள்ளமைப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. ஒட்டு விட்டுப்போவது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது.

ஆக, சுகைலியைக் காத்தது பழமையன்று. அது தன் குறையைக் காட்டியது. ஒருவர் அதைக் கண்டு நீரில் குதித்தார்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி எழுப்பிய ஐயத்தை, "உரையாசிரியர் சொன்னதே சரி" என்று அடைத்துவிட்டோம். அது ஒரு கசிவு என்று இப்போது படுகிறது. அவருக்கு இன்னும் விடை சொல்லவில்லை.